ஏழாம் மரம்: ஒரத்தநாட்டுக்கு அருகே எங்கள் வீட்டுத் தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

2022 மார்ச் மாதம் அம்மா போன் செய்தார். "மாட்டுக் கொட்டாய்ப் பக்கத்துத் தென்னை தூர்ல செவப்பா என்னமோ வடிஞ்சு காஞ்சிருக்கு தம்பி. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ." அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை மூன்று நான்கு இடங்களில் செம்பழுப்புச் சாறு கசிந்து, பட்டையில் பிசின் மாதிரி கறுத்துக் காய்ந்திருந்தது. அண்ணாந்து பார்த்தால் மரம் நன்றாகத்தான் இருந்தது. கீழ்மட்டைகள் மட்டும் வழக்கத்தைவிடச் சற்று மஞ்சள்.

அந்த மரத்துக்கு, எங்கள் எண்ணிக்கையில் ஏழாம் மரத்துக்கு, என்ன நோய் என்று சரியாகத் தெரிய எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. ஆலோசனை சொல்ல ஆள் இல்லாமல் அந்த எட்டு மாதம் போகவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் பதில் கிடைத்தது, ஒவ்வொரு பதிலையும் நம்பி ஏதோ ஒன்றைச் செய்தோம். எந்தப் பதிலை ஏன் நம்பினோம், எது எங்கே தவறியது என்று பிரித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். டெல்டாவில் வீட்டைச் சுற்றி இருபது தென்னையும் இரண்டு மாவும் வைத்திருக்கும் பல குடும்பங்கள் எங்களைப் போலத்தான். மரத்தின் மேல் உயிராக இருக்கிறோம். மரத்தைப் பற்றித் தெரிந்தவர் அப்பா. அவர் போய்விட்டார், எதையும் எழுதி வைக்கவில்லை.

தோட்டம்

ஊர், ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது. கல்லணைக் கால்வாய் பாயும் பகுதி. ஊர்ப்பேச்சில் அது புது ஆறு. கும்பகோணம், மாயவரம் பக்கத்துக் களிமண் இங்கே கிடையாது. மணல் கலந்த செம்மண். தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும், போட்ட சத்தும் கூடவே இறங்கிவிடும்.

வீட்டைச் சுற்றி முக்கால் ஏக்கர். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடக்கும்வரை அதில் 44 தென்னை நின்றது. விடிந்து பார்த்தபோது 27. விழுந்த பதினேழில் ஆறு வேரோடு சாய்ந்தவை, பதினொன்று நடுவில் முறிந்தவை. ஒரு பலா போனது. இரண்டு மா தப்பின. வரப்பில் நிற்கும் ஆறு பனையில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. முறிந்த மரங்களின் தண்டை அறுத்து அப்புறப்படுத்தினோம். தூர்க்கட்டைகளைத் தோண்டி எடுக்க அந்த நேரத்தில் ஆளும் கிடைக்கவில்லை, காசும் இல்லை. பதினொரு கட்டைகளும் மண்ணிலேயே தங்கிவிட்டன. இவற்றை மறுபடி சொல்ல வேண்டிவரும்.

பாசனம் போர் தண்ணீர். வடக்கு ஓரத்தில் திறந்துவிட்டால் மரத்துக்கு மரம் பாத்தி வழியாக ஓடித் தெற்கு ஓரம் போய்ச் சேரும். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். வருடத்துக்கு இரண்டு முறை ரோட்டவேட்டர் விட்டு உழுவோம்.

கேட்டவையும் கிடைத்தவையும்

முதலில் கேட்டது தேங்காய் பறிக்க வரும் அண்ணனிடம். இருபது வருடமாக எங்கள் மரங்களில் ஏறுகிறவர். ஏறி இறங்கி, "குருத்துல வண்டு வெட்டு இருக்கு தம்பி. வண்டு போட்ட மரம்தான் இப்படி அழுவும்" என்றார். பறித்துப் போட்ட மட்டையில், கத்தரியால் நறுக்கியது போன்ற முக்கோண வெட்டுகளைக் காட்டவும் செய்தார். அவர் சொன்னதில் பாதி முழு உண்மை. அது காண்டாமிருக வண்டின் வேலைதான். கொண்டையில் அவர் கண்ணுக்குத் தப்புவது எதுவும் இல்லை. ஆனால் அந்த வெட்டுக்கும் தூரில் வடியும் சாற்றுக்கும் சம்பந்தமில்லை என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

வண்டு என்று கேள்விப்பட்டதும் சித்தப்பா, "மட்டை இடுக்குல உப்பும் மணலும் வை, தாத்தா காலத்துல அதான் வைத்தியம்" என்றார். இதையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, உள்ளிருந்து மூன்று மட்டைகளின் இடுக்கில் மரத்துக்கு 150 கிராம் வைக்கச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. சித்தப்பாவின் மணலில் ஒரு நியாயம் இருக்கிறது. வண்டுக்கு நியாயம், எங்கள் சாறு வடிதலுக்கு அது மருந்தல்ல.

ஏப்ரலில் உரக்கடைக்குப் போனேன். "தென்னைல சாறு வடியுது, வண்டுன்னு சொல்றாங்க" என்றேன். ஒரு கேள்வியும் வரவில்லை. வேர் வழியாகக் கொடுக்க ஒரு பூச்சிக்கொல்லி பாட்டில், பாத்தியில் போடக் குருணை மருந்து, ஒரு டானிக். ரூபாய் 2,350. சாறு எந்த உயரத்தில் வடிகிறது, துளை இருக்கிறதா, எத்தனை மரம், என்ன வயது, எதுவும் கேட்கவில்லை. கேட்காததை நானும் அப்போது குறையாக நினைக்கவில்லை. சட்டென்று மருந்து எடுத்துக் கொடுத்தவரை விஷயம் தெரிந்தவர் என்றுதான் நினைத்தேன்.

இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைக் கலக்குவது வேறொன்று. வேர் வழியாகப் பூச்சிக்கொல்லி கொடுத்தால், அதற்கு முன்பே முற்றிய காய்களைப் பறித்துவிட வேண்டும். கொடுத்தபின் 45 நாளைக்கு அந்த மரத்தில் காய் பறிக்கக் கூடாது. கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை. நான் மருந்து கட்டிவிட்டுத் திருச்சி திரும்பினேன். இரண்டு வாரத்தில் அம்மா அதே மரத்தில் இளநீர் இறக்கித் தங்கை பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மரத்தைக் காப்பாற்றக் கேட்ட ஆலோசனை வீட்டுப் பிள்ளைகளின் வாய்வரை போயிருக்கிறது என்பதை நான் மறக்கவில்லை.

ஜூன் மாதம் எட்டாம் மரத்திலும் சாறு தெரிந்தது. ஜூலையில் ஒரு வீடியோ பார்த்தேன். சாறு வடியும் இடத்தைச் செதுக்கித் தார் பூசினால் போதும் என்று விளக்கமாகச் செய்து காட்டியிருந்தார்கள். செய்தோம். அந்த வீடியோவில் தப்பு இல்லை என்று பின்னால் தெரிந்தது. அதில் காட்டியது தண்டில் ஆங்காங்கே வெடிப்பு விட்டு, அதன் வழியாகச் சாறு வடியும் வேறொரு பூசண நோய். அதற்கு அந்தச் சிகிச்சை சரி. எங்கள் நோய் வேரில் இருந்தது. நாங்கள் தோலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தோம்.

அக்டோபரில் மழை பிடித்தது. ஏழாம் மரத்தின் கீழ்மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கி, பாவாடை கட்டியது போலத் தண்டைச் சுற்றிப் படிந்துவிட்டன. குரும்பை கொட்டியது. தூரில், மண்ணோடு ஒட்டி, பளபளப்பான செம்பழுப்பு நிறத்தில் உள்ளங்கை அகலக் காளான் ஒன்று முளைத்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அன்று இரவு சாப்பிடவில்லை.

அப்போதுதான் உழவர் அழைப்பு மையத்துக்குப் போன் செய்தேன். 1800-180-1551, கட்டணமில்லாத எண், தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண், நான் கேட்ட வேறு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். கேள்வி கேட்டார். சாறு தூரிலிருந்து மேலே ஏறுகிறதா, நடுத்தண்டில் தொடங்குகிறதா? துளையும் மென்று துப்பிய நாரும் தெரிகிறதா? காளான் உண்டா? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது அடித்தண்டழுகல் மாதிரி இருக்கு சார். ஆனா போன்ல கேட்டு முடிவு பண்ணக் கூடாது. காளானையும் வேரையும் எடுத்துக்கிட்டு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்க" என்றார். தனக்கு எதுவரை தெரியும், அதற்கு மேல் யாரைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்ன அந்த இடத்தில்தான் எங்கள் அலைச்சல் முடிந்தது.

வேப்பங்குளத்தில்

வேப்பங்குளம் எங்கள் தஞ்சை மாவட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் அங்கே செயல்படுகிறது, வி.எச்.சி. என்று தொடங்கும் வீரிய ஒட்டுத் தென்னை ரகங்கள் அந்த ஊர்ப் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. எட்டு மாதமாக அந்த யோசனை எனக்கு வராததுதான் வருத்தம்.

போட்டோ, வேர், காளான், இலை எல்லாம் கொண்டுபோனோம். அங்கிருந்த விஞ்ஞானி முதலில் வேரை எடுத்து விரலால் உருவினார். தோல் கழன்று வந்தது, உள்ளே பழுப்பாக நைந்திருந்தது. "நல்ல வேர் இப்படி வராது" என்று நிலையத்துத் தோப்பில் ஒரு மரத்தின் வேரை எடுத்துக் காட்டினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நோய் கனோடெர்மா என்ற பூசணத்தால் வருவது. அடித்தண்டழுகல். அதற்கு இன்னொரு பெயர் உண்டு: தஞ்சாவூர் வாடல் நோய். 1952-ல் இந்தக் கரையில் அடித்த புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத் தென்னைகளில் முதலில் கவனிக்கப்பட்டதால் அந்தப் பெயர். எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு நோய், அதுவும் புயலுக்குப் பின்னால் வந்த நோய். அதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அதே மண்ணில் தென்னை வைத்திருந்தோம்.

பிறகு அவர் கேட்ட இரண்டு கேள்விகளில் காரணம் வெளியே வந்தது. கஜாவில் விழுந்த மரங்களின் கட்டைகளை எடுத்தீர்களா? தண்ணீர் எப்படிப் பாய்ச்சுகிறீர்கள்? பதினொரு கட்டைகள் மண்ணில் கிடக்கின்றன என்றேன். இந்தப் பூசணம் செத்த கட்டையில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். அங்கிருந்து வேர் தொட்டு வேர் பரவும். நோய் கண்ட மரத்தின் பாத்தி வழியாக அடுத்த மரத்துக்கு ஓடும் தண்ணீர் அதைச் சுமந்துபோகும். ரோட்டவேட்டர் வேரை அறுத்து அதற்கு வாசல் திறந்துவிடும். மணல்பாங்கான மண்ணும் கோடையில் தண்ணீர்ப் பற்றாக்குறையும் மரத்தைப் பலவீனமாக்கும். வீட்டுக்கு வந்து படம் வரைந்து பார்த்தேன். நோய் கண்டவை ஏழு, எட்டு, பன்னிரண்டு, பதின்மூன்று: நான்கும் கட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரே தண்ணீர் வரிசையில்.

போட்டோவில் இன்னும் இரண்டு மரங்களும் மஞ்சளாக இருந்தன, பத்தொன்பதும் இருபதும். அவையும் நோய் என்றே முடிவு செய்திருந்தோம். அவர் இலையைத் திருப்பிப் பார்த்து, "நுனியிலிருந்து ஓரமா மஞ்சள் இறங்குது, சாறு இல்ல, வேர் நல்லா இருக்கு. இது சாம்பல் சத்துப் பசி" என்றார். பொட்டாஷ் பற்றாக்குறை. காய்க்கும் மரத்துக்கு வருடத்துக்குத் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. ஜூன்-ஜூலையில் பாதி, டிசம்பர்-ஜனவரியில் பாதி, தூரிலிருந்து ஆறடி வட்டத்துக்குள் போட்டு மண்ணோடு கலந்துவிட வேண்டும். நாங்கள் யூரியா மட்டும்தான் போட்டு வந்தோம். நோயில்லாத மரத்தை நோய் என்று சொல்லி மருந்து எழுதாதது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

ஏழாம் மரத்தைப் பற்றியும் மறைக்கவில்லை. "காளான் வந்தாச்சு. இது பிழைக்காது. எடுத்திருங்க, மத்ததைக் காப்பாத்தலாம்."

செய்தவை

2022 டிசம்பரில் ஏழாம் மரத்தைத் தூரோடும் வேரோடும் தோண்டி எடுத்து, அங்கேயே எரித்தோம். பழைய கட்டைகள் பதினொன்றையும் ஜேசிபி வைத்து எடுத்தோம். கஜாவுக்குப் பிறகு நான்கு வருடம் தள்ளிப்போட்ட வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. நோய் கண்ட மரங்களைச் சுற்றி வேர் தொடாதபடி பள்ளம் எடுத்தோம். வாய்க்காலை மாற்றி, ஒவ்வொரு மரத்துக்கும் தனி வட்டப்பாத்தி, தனி மடை. ரோட்டவேட்டரை நிறுத்தினோம், பாத்தியில் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு விதைத்துப் பூக்கும் முன் மிதித்து மடக்கிவிடுகிறோம். இடைவெளியில் வாழை வைத்தோம், அதுவும் நிலையத்தின் பரிந்துரைதான்.

மருந்து என்று பார்த்தால் செலவு குறைவு. ஹெக்சகோனசோல் என்ற பூசணக்கொல்லி 2 மில்லியை 100 மில்லி தண்ணீரில் கலந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேர் வழியாக. தூரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளித் தோண்டி, பென்சில் கனத்தில் உயிருள்ள, இளம் நிற வேரைப் பார்த்துச் சாய்வாகச் சீவி, பையில் உள்ள மருந்தில் முங்கும்படி நுழைத்துக் கட்ட வேண்டும். ஒரு நாளில் உறிஞ்சவில்லை என்றால் அது செத்த வேர், வேறு வேர் தேட வேண்டும். ஏப்ரலில் நான் கட்டியது செத்த வேரில் என்பதும் இப்போதுதான் புரிந்தது. அந்தப் பையில் மருந்து அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பாத்தி மண் நனைய ஒரு சத போர்டோ கலவை, மரத்துக்கு 40 லிட்டர். மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 400 கிராம், சுண்ணாம்பு 400 கிராம், தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். கலந்ததும் பளபளப்பான கத்தி ஒன்றை முக்கி எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அம்மாவுக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது கலவை போடுவது அவர் பொறுப்பு.

நோய் இல்லாத மரங்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை வேப்பம்புண்ணாக்கு 5 கிலோ, தொழுவுரத்தில் கலந்து டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம், சூடோமோனாஸ் 200 கிராம். கடைசி இரண்டும் நோய்ப் பூசணத்தை அடக்கும் உயிருள்ள நுண்ணுயிர்கள். போர்டோ கலவை ஊற்றிய பாத்தியில் அதே நேரத்தில் இவற்றைப் போட்டால் வீண். இந்த ஒரு எச்சரிக்கையை மட்டும் விஞ்ஞானி மூன்று முறை சொன்னார்.

முடிவு கலப்பானது. பதின்மூன்றாம் மரம் 2023-ல் போய்விட்டது. கண்டுபிடித்தபோதே பாதி வேர் அழுகியிருந்தது. எட்டும் பன்னிரண்டும் நிற்கின்றன. காய் முன்பு போல இல்லை, ஆனால் புதுச் சாறு இல்லை. பத்தொன்பதும் இருபதும் ஒன்றரை வருடத்தில் தேறிவிட்டன. பழைய மட்டைகள் பச்சை ஆகவில்லை. அது ஆகாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். புது மட்டைகள் பச்சையாக வந்தன.

அதற்குப் பிறகு கேட்டவை

2023 கோடையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்து, பிறகு தென்னை இருக்கும் இடமெல்லாம் பரவிய பூச்சி. மட்டைக்கு அடியில் வெள்ளைச் சுருள் சுருளாக, மேலே கரும்பூசணம். பக்கத்துத் தோப்புக்காரர் விசைத்தெளிப்பான் வைத்துப் பூச்சிக்கொல்லி அடித்தார், எங்களையும் அடிக்கச் சொன்னார். வேப்பங்குளத்தில் கேட்டபோது, அடிக்காதீர்கள் என்றார்கள். மட்டையைத் திருப்பிக் கூட்டுப்புழுக்களைப் பாருங்கள், கறுத்திருந்தால் அதற்குள் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி வேலை செய்கிறது, மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். பார்த்தோம், பல கறுத்திருந்தன. மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டினோம், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தோம், கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை கரைத்துத் தெளித்தோம். ஒன்றும் வாங்காதே என்ற ஆலோசனையைப் பின்பற்றுவது கடினம் என்று அந்த இரண்டு மாதத்தில் உணர்ந்தேன். கண் முன்னால் மரம் கறுத்து நிற்கும்போது சும்மா இருப்பது துரோகம் மாதிரி இருக்கும். பொறுத்தோம். மழைக்குப் பிறகு தேறியது.

மாமரத்தில் மரத்தூள் கொட்டியபோது இன்னொன்று கற்றுக்கொண்டோம். தமிழ்நாட்டில் தென்னை வேளாண்மைத் துறையில் வரும், மா தோட்டக்கலைத் துறையில் வரும். வட்டார அலுவலகத்துக்குப் போகும் முன் இது தெரிந்தால் அரை நாள் மிச்சம். தோட்டக்கலை அலுவலர் ஒருவர் நேரில் வந்து, துளைக்குள் கொக்கிக் கம்பியை விட்டுத் தண்டுத் துளைப்பான் புழுவை இழுத்து வெளியே போட்டு, களிமண்ணால் அடைத்துவிட்டுப் போனார். பனைகளுக்கு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டி வரவில்லை. வெட்டி விற்கச் சொல்லி ஒருவர் வந்தார். 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள், எங்களுக்கும் வெட்டும் எண்ணமில்லை.

மரம் ஏறும் அண்ணனிடம் இப்போதும் கேட்கிறோம். முன்பைவிட அதிகமாகக் கேட்கிறோம், கொண்டையைப் பற்றி மட்டும். ஏறும்போதெல்லாம் எந்த மரத்தில் வண்டு வெட்டு, எதில் பாளை சிறுத்திருக்கிறது, எதில் குரும்பை நிற்கவில்லை என்று மர எண்ணோடு சொல்வார். அம்மா ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். தேதி, மர எண், பார்த்தது, செய்தது, யார் சொன்னது. கடைசிப் பத்தி என் யோசனை. ஒரு வருடம் கழித்துப் புரட்டினால் யார் சொன்னது பலித்தது என்று தெரிந்துவிடும். சித்தப்பாவின் மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் அந்த நோட்டில் நல்ல பெயரோடு இருக்கின்றன. உரக்கடைக்கும் போகிறோம், மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி எடுத்துக்கொண்டு.

போன வாரம் அந்த நோட்டில் அம்மா எழுதியிருப்பது இது: பதினான்காம் மரம், கீழ்மட்டை இரண்டு தொங்கல். சாறு இல்லை. வண்டு வெட்டு இல்லை. கிழக்குப் பக்கம் வேர் தோண்டிப் பார்த்தது, தோல் கழலவில்லை. மேற்குப் பக்க வேர் ஒன்று சந்தேகம், ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறது. வியாழக்கிழமை வேப்பங்குளம்.